கையைக் கட்டு, வாயில் விரல் வை

நாங்கள் மூன்று பேர். கிடார் வாசித்தவன் செம்பாக்கத்தில் எங்கள் தெருவுக்குப் பின் தெரு. மறைமலை நகரில் கார் உதிரி பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் அவனுக்கு ஷிப்ட் வேலை. டிரம்ஸ் அடித்தவன் பொழிச்சலூர்க்காரன். அவனுடைய அத்தாவுக்கு அங்கே ஸ்டீல் பீரோ பட்டறை இருந்தது. மகன்தான் பீரோக்களுக்குப் பெயிண்ட் அடிப்பான். நான் ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளியில் ஆறாவதுக்கும் ஏழாவதுக்கும் கணக்கு டீச்சர். பேஸ் கிடாருக்குக் கடைசிவரை ஆள் கிடைக்கவில்லை.

புத்தாயிரம் பிறந்து நாலைந்து வருடம் ஆகியிருந்தது. கிடார்காரன் அதற்கு முன்பு சர்ச் கொயரில் வாசித்துக்கொண்டிருந்தான். ஏதோ ஒரு பிரௌசிங் சென்டரில் யாரோ இறக்கி வைத்திருந்த பாட்டுகளை சிடியில் போட்டுக்கொண்டு வந்து, பஸ் நிறுத்தத்தில் என்னிடம் கொடுத்தான்.

"கேட்டுப் பாரு. உனக்குப் பிடிக்கலன்னா யாருக்கும் பிடிக்காது."

"ஏன், எனக்கு மட்டும் என்ன?"

"நீ எப்பவும் கோவமாவே இருக்க."

கோபம் இல்லை, அது அலுப்பு. ஒரு வகுப்பில் ஐம்பத்தெட்டுப் பிள்ளைகள். ஆறு பீரியட் கத்திவிட்டு, நோட்டுக் கட்டைத் தூக்கிக்கொண்டு, நின்றபடியே பஸ்ஸில் வீடு வருவேன். முகம் அப்படித்தான் இருக்கும். ஆனால் அந்த சிடியை வீட்டில் ஹெட்போன் மாட்டிக் கேட்டபோது, ஐந்தாவது பாட்டோ ஆறாவது பாட்டோ, ஒரு பெண் குரல் வந்தது. அவள் பாடவில்லை, கத்தினாள். ஒன்றரை நிமிடம் கத்திவிட்டுச் சட்டென்று நிறுத்தினாள். அதில் எனக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. ஆனால் மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் வரும் ஐந்தாவது பீரியடில் எனக்குள் என்ன நடக்கிறதோ, அது அதில் இருந்தது. நான் படித்த பள்ளியில் பாட்டு டீச்சர் என் குரலைத் தகரம் என்று சொல்லி, பிரேயர் பாடுகிற வரிசையிலிருந்து எடுத்துவிட்டிருந்தார். பாட வேண்டாம், கத்தினால் போதும் என்று ஒரு சங்கீதம் இருக்கிறது என்பது எனக்கு இருபத்து மூன்று வயதில்தான் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் பட்டறைக்குப் போவோம். தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி, பல்லாவரத்தில் இறங்கி, அங்கிருந்து பொழிச்சலூர் பஸ். கிடார்காரனுக்கு நைட் ஷிப்ட் முடிந்த வாரம் என்றால் நின்றுகொண்டே தூங்குவான். பட்டறையில் பெயிண்ட் காயாத பீரோக்கள் வரிசையாக நிற்கும். நடுவில் இருந்த இடத்தில் டிரம் செட்டைப் போட்டிருப்பான். கலைந்துபோன ஒரு லைட் மியூசிக் ட்ரூப்பிடமிருந்து வாங்கியது. பெரிய டிரம்மின் முகத்தில் அந்த ட்ரூப்பின் பெயர் பாதி உரிந்துபோய் இருந்தது. நாங்கள் வாசிக்க ஆரம்பித்தால் பீரோக் கதவுகள் எல்லாம் சேர்ந்து கடகடவென்று அதிரும். பேஸ் இல்லாத குறை தெரியவில்லை.

எதிர் வீட்டு அம்மாவுக்கு அது பொறுக்கவில்லை. இரண்டாவது வாரமே வாசலில் வந்து நின்றார்.

"இன்னாப்பா இது? ஆறு நாளு தகரத்த அடிக்கிறீங்க, சர்தான், பொழப்புன்னு வுட்டேன். ஞாயித்துக்கெழமயாச்சும் மன்சன் வூட்ல குந்த வேணாமா?"

"தல மேல பிளேன் போவுதே, அத்தக் கேக்க மாட்டியா நீ?" என்றான் டிரம்ஸ்காரன்.

"பிளேனு ரெண்டு நிமிசத்துல பூடுதுடா. நீ போவ மாட்டேன்றியே!"

டிரம்ஸ்காரனின் அத்தா உள்ளிருந்து வந்து, நாலு மணிக்குள் முடித்துவிடுவார்கள் என்று அவருக்குச் சமாதானம் சொன்னார். எங்களிடம் வந்து, "நாலு மணின்னா நாலு மணி" என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை. என்ன பாட்டு, ஏன் இவ்வளவு வேகம், ஒரு பெண் பிள்ளை ஏன் இப்படிக் கத்துகிறாள், எதுவும். என் அம்மாதான் கேட்டாள். வீட்டில் பாட்டு கிளாஸ் என்று சொல்லியிருந்தேன்.

"பாட்டு கிளாஸ் போனா தொண்டை நல்லாதானே ஆகணும்? உனக்கு மட்டும் ஏன் வாராவாரம் கட்டிக்குது?"

முதல் மூன்று மாதம் ஆங்கிலத்தில் எழுதினோம். கிடார்காரன் எழுதிக்கொண்டு வருவான்; அரசாங்கம், போர், தொலைக்காட்சி. நான் கத்துவேன். யாரோ ஒருவருடைய கோபத்தை வாடகைக்கு எடுத்தது போல இருந்தது. ஒரு ஞாயிறு, காலாண்டுத் தேர்வு முடிந்து நூற்றுச் சொச்சம் பேப்பர் திருத்திவிட்டுப் போயிருந்தேன். என்ன வரி என்பதே மறந்துவிட்டது. டிரம்ஸ் ஓடிக்கொண்டிருந்தது. வாயில் வந்ததைக் கத்தினேன்.

"கையைக் கட்டு! வாயில் விரல் வை! யாரது பின்னால? எந்திரி! பெஞ்ச் மேல ஏறு! கையைக் கட்டு! வாயில் விரல் வை!"

இருவரும் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். பிறகு டிரம்ஸ்காரன் சிரிக்க ஆரம்பித்தான். "டீச்சர், எனக்கு மறுக்கா அஞ்சாங் கிளாஸ்ல குந்திக்கினு இருக்குற மாதிரியே ஆயிடுச்சு. இன்னொருவாட்டி கத்து."

அதுதான் எங்கள் முதல் தமிழ்ப் பாட்டு. நாற்பது விநாடிகூட வராது. அதன்பிறகு ஆங்கிலத்தில் எழுதவில்லை. ஷிப்ட் பஸ்ஸைப் பற்றி ஒன்று, தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நிற்பதைப் பற்றி ஒன்று, பெண் பார்க்க வந்தவர்கள் கேட்ட கேள்விகளை மட்டும் வரிசையாக வைத்து ஒன்று.

வாசிக்கத்தான் இடம் இல்லை. நகரத்துக்குள் ராக் நிகழ்ச்சிகள் நடந்துகொண்டிருந்தன. அங்கே நீளமுடிப் பையன்கள் மணிக்கணக்கில் சோலோ வாசித்துக்கொண்டிருந்தார்கள். எங்களைப் பார்த்து டியூன் பண்ணத் தெரியுமா என்று கேட்டார்கள். ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு இன்ஜினியரிங் கல்லூரி விழாவில் மட்டும் இருபது நிமிடம் கிடைத்தது. மூன்றாவது பாட்டில் மைக் செத்துப்போனது. ஒரு பேராசிரியர் மேடைக்கு வந்து, மிகவும் வருத்தத்தோடு, "லேடி சிங்கர்னு சொன்னாங்கம்மா. நாங்க மெலடின்னு நெனச்சோம்" என்றார். அவர் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. பாவம், முன்வரிசையில் யாரோ சிறப்பு விருந்தினர் உட்கார்ந்திருந்தார்.

ஆனால் அன்றைக்குக் கூட்டத்தில் இருந்த சில பையன்கள் பின்னால் வந்து பேசினார்கள். குரோம்பேட்டையில் ஒரு பேண்ட், ஊரப்பாக்கத்தில் ஒன்று, மடிப்பாக்கத்தில் ஒன்று. எல்லாரும் எங்களைப் போலவே தனியாக ஒரு ஷெட்டிலோ மொட்டை மாடியிலோ அடித்துக்கொண்டிருந்தவர்கள். இந்தப் பக்கத்தில் தாங்கள் மட்டும்தான் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். நாங்களும் அப்படித்தான் நினைத்திருந்தோம்.

நாங்களே ஒரு நிகழ்ச்சி நடத்தலாம் என்ற யோசனையைச் சொன்னவன் கிடார்காரன். எங்கே என்ற கேள்விக்கு விடை சொன்னது நான். ஆடி மாதத்தில் கல்யாண மண்டபங்கள் எல்லாம் காலியாகத்தான் கிடக்கும். செம்பாக்கம் ஏரிப் பக்கம் ஒரு சின்ன மண்டபம் இருந்தது. புடவை கட்டிக்கொண்டு நான்தான் போய்ப் பேசினேன். மேனேஜர் ஐம்பது வயதுக்காரர், நெற்றியில் பெரிய சந்தனப் பொட்டு.

"என்ன ஃபங்ஷன்மா? ஆடில யாரும் எதுவும் வைக்க மாட்டாங்களே. காது குத்தா?"

"இசை நிகழ்ச்சி சார். மத்தியானம் ரெண்டு மணில இருந்து ஆறு மணி வரைக்கும்."

"பக்திப் பாடலா?"

"கலந்து இருக்கும் சார்."

இதுவரை நான் சொன்ன பொய்களில் அதுதான் பெரியது என்று இன்றும் நினைக்கிறேன்.

நான்கு பேண்டுகள். எழுபது பேர் வந்திருக்கலாம். மின்சார ரயிலில் தாம்பரத்தில் இறங்கி, பஸ் பிடித்து, கறுப்பு பனியனோடு வந்திறங்கிய பையன்களை ஏரிக்கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர்கூட நின்று பார்த்தார். உள்ளே பிளாஸ்டிக் நாற்காலிகளை அடுக்கிச் சுவரோரம் தள்ளினோம். மணமேடையின் பின்சுவரில் யாரோ ஒரு ஜோடியின் பெயரிலிருந்து ஒரு தெர்மாகோல் எழுத்து மட்டும் மிச்சம் இருந்தது. டிரம்ஸுக்கு அடியில் ஜமக்காளம் விரித்தோம். முதல் பேண்ட் ஆரம்பித்த இரண்டாவது நிமிடம் மேனேஜர் ஓடி வந்தார்.

"என்னம்மா, அடிச்சிக்கிறாங்க! போலீஸ் கூப்பிடட்டா?"

"அடிச்சிக்கல சார். ஆடுறாங்க."

"அந்தப் பையன் கீழ விழுந்துட்டான் பாரு!"

"தூக்கி விடுறாங்க பாருங்க."

அவர் பார்த்தார். உண்மையிலேயே நாலு பேர் விழுந்தவனைத் தூக்கி, அவன் கண்ணாடியைத் தேடிக் கொடுத்து, மறுபடி இடிக்க ஆரம்பித்தார்கள். மேனேஜர் தலையை ஆட்டிக்கொண்டு போய் ஆபீஸ் அறையில் உட்கார்ந்துவிட்டார்.

நாங்கள் கடைசி. மண்டபத்தில் மின்விசிறிகள் சுற்றியும் வேர்வையில் தரையெல்லாம் வழுக்கியது. எங்கள் நாற்பது விநாடிப் பாட்டு ஆறாவதாக வந்தது. நான் மைக்கைப் பிடித்துக் கத்தினேன்: "கையைக் கட்டு! வாயில் விரல் வை!"

அப்போதுதான் அவளைப் பார்த்தேன். மண்டபத்தின் பின்பக்கம், சமையற்கட்டுக்குப் போகும் கதவோரம், பச்சைப் பாவாடை சட்டையில் ஒரு பெண் குழந்தை. என் ஆறாம் வகுப்பு 'பி' பிரிவில் மூன்றாவது பெஞ்சில் உட்காருகிறவள். கைகளைக் குறுக்கே கட்டி, வலது கையின் ஆள்காட்டி விரலை உதட்டில் வைத்து, விறைப்பாக நின்றுகொண்டிருந்தாள். அவள் விளையாடவில்லை. எழுபது பேர் குதித்துக்கொண்டிருக்கும் ஹாலில், என் குரல் கேட்டதும் உடம்பு தானாகச் செய்துவிட்டது. கண்கள் என்மேல் இருந்தன. நான் எழுந்திரு என்றதும் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தவள் இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தாள்.

மேனேஜரின் மகள் அவள். மண்டபத்துக்குப் பின்னால்தான் வீடு. எனக்கு அது தெரியாது.

நான் நிறுத்தவில்லை. இதை எத்தனையோ முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, நானும் ஓடிக்கொண்டிருந்தேன். பெஞ்ச் மேல் ஏறச் சொன்னேன். அவள் பக்கத்தில் நின்ற இரண்டு பையன்கள் அவளைப் பார்த்துச் சிரித்து, அவர்களும் கையைக் கட்டி வாயில் விரல் வைத்தார்கள். அதைப் பார்த்து இன்னும் பத்துப் பேர். பாட்டு முடிவதற்குள் பாதி ஹால் கைகட்டி நின்று, கடைசி அடி விழுந்ததும் ஓவென்று கத்திக்கொண்டு பாய்ந்தது. முடித்துவிட்டுப் பின்கட்டுக்குப் போய்த் தேடினேன். அவள் போய்விட்டிருந்தாள்.

திங்கட்கிழமை அவள் வகுப்பில் இருந்தாள். மூன்றாவது பெஞ்ச். நான் அட்டெண்டன்ஸ் எடுத்தபோது தலை நிமிராமல் "ப்ரெசன்ட் மிஸ்" என்றாள். போர்டில் கணக்கை எழுத ஆரம்பித்தேன். அவளிடம் என்ன சொல்வது என்று யோசிப்பதற்குள் மணி அடித்துவிட்டது. அடுத்த வகுப்புக்கு மாடி ஏற வேண்டும்.

அடுத்த மாதம் என் குரல் போனது. முதலில் சாயங்காலங்களில் மட்டும் கரகரத்தது. பிறகு காலையிலேயே. ஒருநாள் ஏழாம் வகுப்பில் வாயைத் திறந்தால் காற்று மட்டும் வந்தது. தாம்பரத்தில் ஒரு காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போனேன். அவர் ஒரு குழாயை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டே கேட்டார்.

"டீச்சரா?"

தலையாட்டினேன்.

"மண்வெட்டி பிடிச்சா உள்ளங்கைல காய்ப்பு வருதுல்ல, அது மாதிரி உங்க குரல்நாண்ல வந்திருக்கு. உங்க வேலைல நிறைய பேருக்கு வரும். ஆறு வாரம் பேசக் கூடாது. கிசுகிசுன்னும் பேசக் கூடாது. பாடுவீங்களா?"

இல்லை என்று தலையாட்டினேன். அது பொய்யும் இல்லை.

ஆறு வாரம் லீவு கொடுக்க, எனக்குப் பதிலாக ஆள் இல்லை. போர்டில் எழுதியே பாடம் நடத்துங்கள் என்று ஹெட்மிஸ்ட்ரஸ் சொன்னார். அப்படியே செய்தேன். கணக்கை எழுதுவேன், டஸ்டரால் மேசையைத் தட்டுவேன், பிள்ளைகளைக் கையால் கூப்பிடுவேன். முதல் இரண்டு நாள் சந்தைக்கடை போல இருந்தது. மூன்றாம் நாளிலிருந்து அவர்களாகவே குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். நான் பேசாததால் அவர்களும் என்னிடம் ரகசியம் போலப் பேசினார்கள். "மிஸ், இது சரியா மிஸ்?" என்று காதருகே வந்து கேட்டார்கள். ஹெட்மிஸ்ட்ரஸ் ஒருநாள் எட்டிப் பார்த்து, "சத்தமே இல்லையே, நீங்க லீவோன்னு நெனச்சேன்" என்றார்.

அந்த வாரங்களில் ஒருநாள், சாப்பாட்டு மணி அடித்து எல்லாரும் வெளியே போன பிறகு, அந்தப் பெண் என் மேசைக்கு வந்து நின்றாள்.

"மிஸ், ஒண்ணு கேக்கட்டுமா?"

தலையாட்டினேன்.

"அன்னைக்கு மண்டபத்துல என்னையா மிஸ் திட்டுனீங்க?"

அவள் நோட்டை வாங்கி, கடைசிப் பக்கத்தில் "இல்லை. அது பாட்டு" என்று எழுதினேன். அவள் குனிந்து படித்தாள்.

"பாட்டா மிஸ்?" என்றாள். கேலி இல்லை, நிஜமான சந்தேகம். பிறகு, "எங்கப்பா கேட்டாரு, உங்க மிஸ் ஸ்கூல்லயும் இப்படித்தான் கத்துவாங்களான்னு. ஆமான்னு சொன்னேன் மிஸ். தப்பா மிஸ்?"

தப்பில்லை என்று எழுதினேன். அவள் நோட்டை எடுத்துக்கொண்டு டிபன் பாக்ஸோடு வெளியே ஓடினாள்.

குரல் முக்கால்வாசி திரும்பியது. பட்டறைக்குப் போன முதல் ஞாயிறே, அந்தப் பாட்டு இனி வேண்டாம் என்று சொன்னேன்.

"அதுதானே நம்ம பாட்டு!" என்றான் கிடார்காரன். "எல்லாரும் அதைத்தான் கேக்கறாங்க. மண்டபத்துல கையைக் கட்டி வாயில விரல் வச்சாங்க பாரு, அதுக்காகவே மறுபடி வருவாங்க."

"அது பாட்டு இல்லடா. நான் தினமும் கிளாஸ்ல கத்துறது."

"அதனாலதானே நல்லா இருக்கு?"

அவனுக்கு அந்தப் பெண்ணைப் பற்றிச் சொன்னேன். அவன் கிடாரின் கம்பியைத் திருகிக்கொண்டே கேட்டான். வருத்தப்பட்டான், அவன் நல்லவன். ஆனால் கடைசியில், "அது சின்னப் பொண்ணு, வளர்ந்தா புரிஞ்சுக்கும்" என்றான். அவள் புரிந்துகொள்வதில் என்ன இருக்கிறது, எனக்குப் புரிந்ததுதான் பிரச்சினை என்று அவனிடம் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. டிரம்ஸ்காரன் இருவரையும் பார்த்துவிட்டு, "வுடுப்பா, டீச்சருக்கு வேணான்னா வேணாம். வேற அடிப்போம்" என்றான்.

அடுத்த நிகழ்ச்சி குரோம்பேட்டையில் ஒரு டியூஷன் சென்டரின் மாடியில். அந்தப் பாட்டை விட்டுவிட்டு வாசித்தோம். முடிந்ததும் அறுபது பையன்கள் நகராமல் கையைக் கட்டி, வாயில் விரல் வைத்து நின்றார்கள். அந்தப் பாட்டு வேண்டும் என்று கேட்பதற்கு அதுவே அவர்களுக்கு வழியாகிவிட்டிருந்தது. கிடார்காரன் என்னைப் பார்த்தான். பிறகு அவனே ஆரம்பித்தான். நான் மைக்கை ஸ்டாண்டில் மாட்டிவிட்டுக் கீழே இறங்கி வந்து தண்ணீர் குடித்தேன். வரிகளை எல்லாம் அவர்களே கத்தினார்கள். என்னைவிட நன்றாகத்தான் இருந்தது.

சில வருடங்கள் கழித்து, இந்தப் பக்கத்துப் பேண்டுகளைப் பற்றி யாரோ இணையத்தில் எழுதியிருந்தார்கள். எங்களைப் பற்றி நான்கு வரி. கைகட்டி வாயில் விரல் வைப்பது கல்வி முறைக்கு எதிராக நாங்கள் யோசித்து உருவாக்கிய சைகை என்று இருந்தது. திருத்தி எழுதலாமா என்று நினைத்தேன். அன்று அரையாண்டுப் பேப்பர் கட்டு இருந்தது, எழுதவில்லை.

சண்டை போட்டுப் பிரியவில்லை நாங்கள். ஞாயிற்றுக்கிழமைகள்தான் தீர்ந்துபோயின. தொழிற்சாலையில் ஆர்டர் கூடி கிடார்காரனுக்கு ஞாயிறும் ஓவர்டைம் வந்தது. நிரந்தரம் செய்வார்கள் என்ற பேச்சு இருந்ததால் அவனால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. மூன்று வாரத்துக்கு ஒருமுறை என்றானது, பிறகு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. பட்டறையில் இடம் தேவைப்பட்டபோது டிரம் செட்டைப் பம்மலில் ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். கொடுத்த பிறகுதான் எங்களுக்குத் தெரியும்.

வகுப்பில் இனிமேல் கத்துவதில்லை என்று முடிவெடுத்திருந்தேன். ஒரு டெர்ம் தாங்கியது. குரல் வந்துவிட்டது தெரிந்ததும் பிள்ளைகளின் சத்தமும் திரும்பி வந்தது. கிளாஸ் கண்ட்ரோலில் இல்லை என்று ஹெட்மிஸ்ட்ரஸ் இரண்டு முறை கூப்பிட்டுச் சொன்னார். ஐம்பத்தெட்டுப் பேர். மறுபடி கத்த ஆரம்பித்தேன். அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் சொல்வதில்லை என்று வைத்திருந்தேன். அதுவும் வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை வாய் தவறி வந்துவிடும். வந்தால், வகுப்பு முழுக்கக் கைகள் கட்டிக்கொள்ளும் சத்தம் கேட்கும். துணி உரசுகிற மெல்லிய சத்தம்தான்.

டிரம்ஸ்காரனின் நிக்காஹ் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் நடந்தது. நானும் கிடார்காரனும் போயிருந்தோம். மாப்பிள்ளைக் கோலத்தில் இருந்தவன் எங்களைப் பார்த்ததும் எழுந்து வந்து, "சாப்ட்டுதான் போவணும், சொல்ட்டேன்" என்றான். அவனுடைய அத்தா பக்கத்தில் நின்று எங்கள் இலைகளைக் கவனித்துக்கொண்டார். பிரியாணி, கத்தரிக்காய், இனிப்பு. பேண்டைப் பற்றி யாரும் பேசவில்லை.

திரும்பும்போது பல்லாவரத்தில் செங்கல்பட்டு வண்டி கிடைத்தது. ஜன்னலோரம் உட்கார்ந்த ஐந்தாவது நிமிடம் கிடார்காரன் வாயைத் திறந்து தூங்கிப்போனான். நெற்றியில் எண்ணெய் மினுங்கியது, நகங்களுக்குள் கிரீஸ் கறுத்திருந்தது. மறுநாள் அவனுக்கு ஃபர்ஸ்ட் ஷிப்ட். தாம்பரம் வந்ததும் தோளைத் தட்டி எழுப்பினேன். எழுந்து, எந்த ஸ்டேஷன் என்று பார்க்காமலே இறங்கி, என் பின்னால் நடந்து வந்தான்.